பின்னால் வரும் காருக்கு பிரேக் யார் போடுவது?

பௌர்ணமி ராத்திரி செஞ்சியில் நின்று திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டைக் கொஞ்ச நேரம் பாருங்க. கிரிவலம் போகிற கார், திரும்பி வருகிற கார், வேன், சிறப்புப் பேருந்து என்று வரிசை நிற்கவே நிற்காது. அந்த வரிசையில் சில சமயம் ஒரு ஜோடி வரும். முன்னால் ஒரு டாடா ஏஸ். பின்னால் உயிர் போன ஒரு கார். நடுவில் ஒரு நைலான் கயிறு. இருட்டில் அந்தக் கயிறு யார் கண்ணுக்கும் தெரியாது. ரெண்டு வண்டிக்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று பைக்கை நுழைக்கப் பார்த்து, கடைசி நொடியில் பிரேக் அடிக்கிறவர்கள் உண்டு. பின்னால் வருகிற காரில் பேட்டரி இறங்கியிருக்கும், அதனால் லைட்டும் இல்லை. ஸ்டியரிங்கில் ஷெட்டில் வேலை செய்யும் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

நான் எழுத வந்தது அந்தப் பையனைப் பற்றித்தான். ஆனால் அவனிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் மெக்கானிக்கல் பேச வேண்டியிருக்கிறது. சிவில், இசிஇ நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நம்ம ஊர்ல 'டோ பண்றது' என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பைக்தான். பெட்ரோல் தீர்ந்த பைக்கைப் பின்னால் வருகிறவர் ஒரு காலை நீட்டி, ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே பங்க் வரைக்கும் கொண்டு போய் விடுவார். காலால் தள்ளுவதால்தான் அதற்கு 'டோ' என்று பேர் வந்தது என்று என் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். இங்கிலீஷில் கால்விரலுக்கும் இழுப்பதற்கும் சத்தம் ஒன்றுதான், எழுத்துதான் வேற. சரி, விஷயத்துக்கு வரேன்.

இழுப்பதை ஒரு தனித் தொழில்நுட்பமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் மோட்டார்ஹோம்காரர்கள். மோட்டார்ஹோம் என்றால் நமக்குத் தெரிந்த சொல்லில் கேரவன். ஷூட்டிங்கில் ஹீரோ போய் உட்காருவாரே, அதேதான். அங்கே ரிட்டயர் ஆன கணவனும் மனைவியும் அதிலேயே சமையல், படுக்கை எல்லாம் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டமே கொண்டு வந்தது. பிரச்சினை என்னவென்றால், பஸ் அளவுக்கு ஒரு வீட்டைக் கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், பால் வாங்க அதையே கிளப்பிக்கொண்டு போக முடியாது. அதனால் ஒரு சின்னக் காரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ட்ரெய்லரில் ஏற்றுவதில்லை. காரின் நாலு சக்கரமும் ரோட்டிலேயே உருண்டு வரும். காருக்குள் ஆள் கிடையாது. வேகம் மணிக்கு 90, 100 கிலோமீட்டர். இதற்கு ஃபிளாட் டோவிங் என்று பேர். இழுபடுகிற காருக்கு அவர்கள் வைத்த செல்லப் பேர் 'டோட்', அதாவது தேரை. 'இழுக்கப்பட்டது' என்பதற்கும் தேரைக்கும் இங்கிலீஷில் ஒரே உச்சரிப்பு என்பதால் வந்த கடி ஜோக்.

ஆளே இல்லாத கார் 100-ல் பத்திரமாகப் போகிறது. நம் ரோட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும் கார் 30-ல் போகும்போதே நெஞ்சு படபடக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. அவர்களுடைய ரோடு நல்ல ரோடு, நம்முடையது குண்டும் குழியும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திண்டிவனம் ரோடு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அவர்கள் காரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் பம்பருக்குப் பின்னால், காரின் அடிச்சட்டத்தோடு சேர்த்து ஒரு இரும்புத் தகட்டை போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். ஒவ்வொரு மாடல் காருக்கும் அது தனித்தனி அளவில் வரும். அந்தத் தகட்டில் இரண்டு காதுகள். மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு கொக்கி. இரண்டையும் இணைப்பது 'ஏ' எழுத்து வடிவத்தில் இருக்கும் ஒரு கம்பி: காரில் இரண்டு இடத்தில் பிடிப்பு, முன் வண்டியில் ஒரு இடத்தில். ஏன் 'ஏ' வடிவம்? ஒற்றைக் கம்பியாக இருந்தால் கார் அந்தக் கம்பியின் முனையில் இடமும் வலமும் ஆடும், ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். இரண்டு இடத்தில் பிடித்தால் காரின் மூக்கு கம்பியோடு சேர்ந்தே திரும்பும். முன் சக்கரங்கள் தாமாகவே அந்தத் திசைக்கு வந்துவிடும், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் போல. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் சாவியை மட்டும் சரியான இடத்தில் திருப்பி வைத்தால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை, அந்த ஜோடியை ரிவர்ஸ் எடுக்க முடியாது. பின்னால் தள்ளினால் அதே முன் சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். ஒரு முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றி, தனியாக எடுத்து, பிறகு மறுபடி மாட்ட வேண்டும். நம்ம ஊர்த் தெருக்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லவே வேண்டாம்.

கம்பியோடு அவர்கள் நிறுத்துவதில்லை. கம்பி விட்டுப்போனால் பிடிப்பதற்குக் கீழே இரண்டு செயின், குறுக்காகப் போட்டு. முன் வண்டியின் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் பின் காரிலும் எரிவதற்கு ஒரு ஒயர். அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி: இழுபடும் காருக்குத் தனி பிரேக். டிரைவர் சீட்டுக்கு முன்னால், தரையில் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். முன் வண்டி வேகம் குறைவதை அது உணர்ந்து, ஒரு கையை நீட்டி பிரேக் பெடலை அமுக்கும். முன் வண்டியில் ஏர் பிரேக் இருந்தால் அதிலிருந்தே காற்றை எடுத்து அமுக்குகிற ஏற்பாடும் உண்டு. இதற்கும் மேல் ஒரு மெல்லிய கேபிள்: கம்பி, செயின் எல்லாம் அறுந்து கார் தனியே பிரிந்தால், அந்தக் கேபிள் இழுபட்டு காரின் பிரேக் தானாகவே பிடிக்கும்.

அதாவது, பின்னால் வரும் காருக்கு பிரேக் யார் போடுவது என்ற கேள்விக்கு அவர்கள் ரெண்டு மூணு விதமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். நாம் அந்தக் கேள்வியைப் பையனிடம் தள்ளிவிட்டோம்.

பையன் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீங்க, பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ்தான். ரெண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டர் கயிறு. முன் வண்டி ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்து பிரேக் அடிக்கிறது. வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் பலமான பிரேக்தான், ஆனால் அதிசயம் ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் பையன் அதைப் பார்த்து, புரிந்து, காலைத் தூக்கி வைக்க ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் இடைவெளி இரண்டரை மீட்டர் குறைந்துவிடும். பாதி போச்சு. பெடலை அவன் இன்னும் அமுக்கவே இல்லை. ஒண்ணரை நொடி தாமதித்தால் இடைவெளி மொத்தமும் போய் பம்பரில் பம்பர். இந்தக் கணக்கில் வேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிங்க. 40-ல் போனாலும் 60-ல் போனாலும் அதே ஒரு நொடி, அதே இரண்டரை மீட்டர்.

சரி, அமுக்கிவிட்டான். என்ன நடக்கும்? இன்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தால்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. இன்ஜின் செத்துப்போன காரில் இரண்டு மூன்று முறை அமுக்கியதும் அந்த வெற்றிடம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி. பிரேக் இல்லாமல் போகாது, ஆனால் அதே அளவு பிடிக்கப் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் ஹார்ன் அடிக்கக்கூட வழியில்லை, ஜன்னலைத் திறந்து கத்தத்தான் முடியும்.

கயிற்றின் இன்னொரு குணம்: அது இழுக்கும், தள்ளாது. சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள காரை ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டு போக 15 கிலோ எடை அளவுக்கு இழுவை இருந்தால் போதும். அதனால்தான் ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினால் கார் நகர்கிறது. அப்படியென்றால் அவ்வளவு தடி கயிறு ஏன் அறுகிறது? முன் வண்டி மெதுவாகி, கயிறு தொய்ந்து, மறுபடி முன் வண்டி வேகம் எடுக்கும்போது விழுகிற வெட்டு இழுப்பு. அந்த ஒரு கணத்தில் இழுவை எத்தனையோ மடங்காக ஏறிவிடும். நைலான் இழுபட்டு நீள்கிற சாமான். அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், முனையில் இரும்புக் கொக்கி இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு வரும். பக்கத்தில் நின்று "வா வா வா" என்று கை காட்டுகிறவர்கள் இதை மனசில் வைக்கவும்.

கயிற்றை எங்கே கட்டுகிறோம் என்பது அடுத்த கூத்து. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் முன் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே மரை. ஸ்டெப்னி, ஜாக்கியோடு வைத்திருக்கும் ஒரு வளையத்தை அதில் முறுக்க வேண்டும். சில கார்களில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். இது தெரியாமல் "மரை போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு லோயர் ஆர்மில் கயிற்றைப் போடுகிறார்கள். லோயர் ஆர்ம் சக்கரத்தைத் தாங்குவதற்குச் செய்தது. காரை இழுக்கச் செய்ததில்லை. ரிப்பேருக்குப் போன கார் அலைன்மென்ட்டும் போய்த் திரும்பி வரும்.

இதுவரை சொன்னது எல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னாலும் உண்மைதான். புதுசாக ஒரு பிரச்சினை வந்திருக்கிறது, கியர்பாக்ஸ். சாதாரண மேனுவல் கியர் உள்ள முன் சக்கர இழுவைக் காரை நியூட்ரலில் போட்டு இழுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே சுற்றுகிற பற்சக்கரமே ஆயிலை வாரி இறைத்துக்கொள்ளும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. அதில் ஆயில் பம்பை இன்ஜின்தான் சுற்ற வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது சக்கரத்தைச் சுற்றினால், கியர்பாக்ஸின் பின்பாதி ஆயில் இல்லாமல் சுற்றிச் சூடாகும். நியூட்ரலில் போட்டுவிட்டோமே என்கிற சமாதானம் இங்கே செல்லாது.

மோட்டார்ஹோம்காரர்கள் கார் வாங்கும்போதே இதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஜீப் ராங்க்லர் அவர்களுக்குப் பிடித்த வண்டி, ஏனென்றால் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனி நியூட்ரல் உண்டு. அதைப் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். பழைய ஹோண்டா சிஆர்-வியை இழுக்கலாம் என்று அங்கே விற்ற வண்டியின் மேனுவலே சொன்னது. ஆனால் கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை மாற்றி, நியூட்ரலுக்கு வந்து, இன்ஜினை 3 நிமிஷம் ஓடவிட்டு, பிறகு அணைத்து என்று ஒரு பூஜை முறையே அதில் இருந்தது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். 2015 மாடலில் சிவிடி கியர்பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது.

நம்ம பக்கம் ஏஎம்டி என்று ஒன்று இருக்கிறது. 2014-ல் மாருதி செலிரியோவில் வந்து, இன்று சின்னக் கார்களில் எல்லாம் பரவிவிட்டது. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மனுஷனுக்குப் பதில் ஒரு மோட்டார் மாற்றுகிறது. பேட்டரி செத்தால் அந்த மோட்டாரும் செத்தது. கார் கியரில் நின்றுவிட்டால் நியூட்ரலுக்கு வராது. லிவரை நியூட்ரலில் வைத்துவிட்டு இழுத்தால், உள்ளே என்ன கியரில் இருக்கிறதோ கடவுளுக்கே வெளிச்சம். எலெக்ட்ரிக் கார் இன்னும் மோசம். சக்கரம் சுற்றினால் மோட்டார் சுற்றும், காந்தம் உள்ள மோட்டார் சுற்றினால் அது ஜெனரேட்டர். இழுக்க இழுக்க உள்ளே கரண்ட் உண்டாகும். அதனால் எலெக்ட்ரிக் காரைப் பொதுவாக லாரிப் படுக்கையில் ஏற்றித்தான் கொண்டு போகச் சொல்கிறார்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் தண்ணீரில் நின்ற கார்களை டிராக்டரில் கட்டி இழுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரத்தில் யாரும் மேனுவலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, ஒத்துக்கறேன். தண்ணீரிலிருந்து கரைக்கு நூறு மீட்டர் இழுப்பது வேறு. கரையிலிருந்து ஷெட்டுக்கு இருபது கிலோமீட்டர் அப்படியே இழுத்துக்கொண்டு போவது வேறு. முதலாவது மீட்பு. இரண்டாவதில் கியர்பாக்ஸுக்கும் சேர்த்துப் பில் வரும்.

மேனுவல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் நான் புரட்டிய ஓனர்ஸ் மேனுவல் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. இழுப்பது பற்றிய பக்கம் எல்லாவற்றிலும் இருக்கிறது. எந்தச் சக்கரத்தைத் தூக்க வேண்டும், வளையம் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். படிக்க வேண்டியவர் ஷெட்காரர். புத்தகமோ டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் தூங்குகிறது. நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், எனக்கே அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. டயர் காற்றளவை டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கராக ஒட்டுகிற கம்பெனிகள், "இந்தக் காரை நாலு சக்கரத்தில் இழுக்காதீர்" என்று ஒரே ஒரு வரியை அந்த வளையத்தின் மூடிக்குப் பின்னால் தமிழில் ஒட்டக் கூடாதா? கயிற்றைக் கையில் வைத்திருக்கிறவர் கட்டாயம் பார்க்கிற இடம் அதுதான்.

இப்போது பையன். என் பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு 16. சேர்ந்த மூன்றாவது மாதத்திலிருந்தே பின் வண்டியில் உட்காருவது அவர் வேலை. பெரிய மெக்கானிக் முன் வண்டி ஓட்டுவார், ஓனர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், மிச்சம் இருக்கிற ஆள் பின்னால். லைசென்ஸ் எடுக்கிற வயசே வரவில்லை. "என்ன அண்ணா பயமா இருக்காதா?" என்று கேட்டிருக்கிறேன். "பயமா? கழுத்து வலிதான். கயிறு தொய்யுதான்னு பாத்துட்டே இருக்கணும். தொய்ஞ்சா லேசா பிரேக்க தொடணும், ரொம்பத் தொட்டா முன்னாடி இருக்கறவரு திட்டுவாரு. அந்த வண்டியோட நம்பர் பிளேட்ட தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது" என்றார். ஒருநாள் முன் வண்டி சட்டென்று நின்று, இவர் போய் இடித்து, ஹெட்லைட் உடைந்தது. அந்தக் காசை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிசிக்ஸ்படி அவருக்குக் கிடைத்தது ஒண்ணரை நொடிகூட இல்லை. அதற்கு 16 வயசுப் பையன் ரெண்டு மாசத் தவணையில் பணம் கட்டினான்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். 1989-ல் வந்த சாலை விதிகளில் 20-ஆவது விதி முழுக்க இழுப்பதைப் பற்றித்தான். இழுபடும் வண்டியின் சீட்டில் உட்காருகிறவரிடம் அந்த வண்டியை ஓட்டும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அல்லது முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ செயினோ மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2017-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் வந்தன, இழுவைக்கு அதிலும் இடம் உண்டு. அந்தப் பலகையை நான் இதுவரை ஒரே ஒரு தடவைகூட ரோட்டில் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் போட்டோ அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

அதே விதியில் இன்னொரு சங்கதி: பழுதான வண்டியையும் முழுசாகக் கட்டி முடிக்காத வண்டியையும்தான் இழுக்கலாம், அதுவும் பக்கத்து ஷெட் வரைக்கும், இல்லையென்றால் டெலிவரிக்கு. ஆக, நாளைக்கே நீங்கள் ஒரு கேரவன் வாங்கி, நல்ல காரைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏலகிரிக்குக் கிளம்பினால் அந்த விதிக்கு நீங்கள் எதிரி. நான் அந்த வாழ்க்கையை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கண்டுபிடித்த கம்பியையும் பிரேக்கையும் மட்டும் கேட்கிறேன்.

ஷெட்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "இருபது வருஷமா கயிறுதான் தம்பி, ஒண்ணும் ஆகல." அதைவிட வலுவான பதிலும் அவர்களிடம் இருக்கிறது: காசு. எங்கள் ஊர் சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்க வெளியூர்க் கார்கள் வரும். தேசூர் பக்கத்து ஏரிக்கரை ரோட்டில் ஒரு கார் நின்றுபோனால், அதை ஏற்றிக்கொண்டு போகும் ஃபிளாட்பெட் எங்கிருந்தோ வர வேண்டும். வருவதற்கே அரை நாள், வாடகையோ சில சமயம் ரிப்பேர் செலவைவிட அதிகம். டிராக்டர்காரர் டீக்காசுக்கு இழுத்துவிடுவார். அந்த இடத்தில் நின்றுகொண்டு "ஃபிளாட்பெட் கூப்பிடுங்க சார்" என்று அட்வைஸ் பண்ணுவது எளிது, எல்லோராலும் முடியாது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து இந்தப் பக்கம் வரும் வண்டிகள் கூடத்தான் போகின்றன, ஃபிளாட்பெட் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடுமா தெரியவில்லை.

அதனால்தான் கயிற்றுக்கும் ஃபிளாட்பெட்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்கிறேன். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் என்றால் வேறு வழியே இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நம்ம பக்கம் ஓடும் மேனுவல் கார்களுக்கு ஒரு 'ஏ' கம்பி போதும். இது நமக்குப் புதுசும் இல்லை. லாரி ஷெட்டுகளில் போய்ப் பாருங்கள், சுவரோரம் ஒரு நீளமான இரும்புக் கம்பி சாத்தியிருக்கும், ரெண்டு முனையிலும் வளையத்தோடு. பழுதான லாரியையும் பஸ்ஸையும் அவர்கள் கயிற்றில் கட்டுவதில்லை. பத்து டன் வண்டி பின்னால் வந்து இடித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கார் சின்னது, பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு டன் கார், 5 மீட்டர் வீத பிரேக்கில், பின் காரில் யாரும் பிரேக் போடவில்லையென்றால், அந்தக் கம்பியை 500 கிலோவுக்கு மேல் எடை வைத்த மாதிரி நெருக்கும். கம்பி அதைத் தாங்கும்படி செய்ய வேண்டும், வளைந்துபோகக் கூடாது. கயிற்றில் அதே விசை நேராக ஹெட்லைட்டுக்கும் பையனின் முழங்காலுக்கும் போகிறது.

இங்கேதான் நம் டிபார்ட்மெண்ட் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பட்டியலைப் பாருங்கள்: ஸ்மார்ட் ஹெல்மெட், ஸ்மார்ட் டஸ்ட்பின், சோலார் புல்வெட்டி. பாதி கடையில் ரெடிமேடாக வாங்கியது, இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நானும் என் பேட்ச்சில் இன்னும் இரண்டு பேரும் இந்தத் தடவை ஒரு இழுவைக் கம்பி செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். மோட்டார்ஹோம்காரர்கள் வைக்கும் மின்சாரப் பெட்டி எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் ஐரோப்பிய ட்ரெய்லர்களில் இருக்கும் பழைய உத்தி ஒன்று: முன் வண்டி பிரேக் போட்டால் பின் வண்டி கம்பியை நெருக்கும், கம்பி கொஞ்சம் உள்வாங்கும், அந்த அசைவே ஒரு கேபிளை இழுத்து பின் காரின் பெடலை அமுக்கும். கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், கணக்கு மட்டும் சரியாக வர வேண்டும். பூஸ்டர் இல்லாத பெடல் கடினமாக இருக்கும் என்பதால் நெம்புகோல் விகிதத்தில்தான் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொரு தலைவலி, கம்பியின் காரோடு சேரும் முனை. மாடலுக்கு மாடல் இடம் மாறுகிறது. முதலில் ஒரே ஒரு மாடலுக்குச் செய்வது என்று வைத்திருக்கிறோம். அண்ணன் இப்போது சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். முதல் கம்பி அவருக்கு என்று சொல்லியாகிவிட்டது. அவர் சிரித்துவிட்டு, "வெல்டிங்க மட்டும் நீங்க பண்ணாதீங்கடா, நான் ஆள் அனுப்பறேன்" என்றார்.

ரோட்டில் சோதனை செய்ய முடியாது, காலேஜ் கிரவுண்டுக்குள் மட்டும்தான், அதுவும் நடக்கிற வேகத்தில் தொடங்கி. ஹெச்ஓடி சார் வாயால் அனுமதி கொடுத்துவிட்டார், எழுத்தில் வர வேண்டியது பாக்கி. எங்களுக்கு இப்போது தேவை ஒரு பழைய மாருதி 800. யார் வீட்டிலாவது கொல்லையில் தார்பாய் போட்டு மூடியிருந்தால் சொல்லுங்கள். இன்ஜின் ஓட வேண்டிய அவசியமில்லை, ஓடாமல் இருந்தால் எங்களுக்கு இன்னும் நல்லது.